தெமாரு திட்டாத ஒருத்தி

"வேலைக்குத் துப்பில்ல, வாய் மட்டும் நீளம். தள்ளு அந்தப்பக்கம்" என்று கோழியைக் கால் பெருவிரலால் ஒதுக்கிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள் தெமாரு. அந்த இடத்தில் மகன் கைனா படுத்திருந்தாலும் அதே பெருவிரல்தான், அதே பேச்சுத்தான். மடியில் தொப்பிக்கான தென்னங்குருத்து, வேகவைத்துக் காயவைத்து எங்கள் கோயில் சுவர்போல் வெளுத்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரகஹங்காத் தீவில் கோயிலுக்கு வரும் பெண்கள் தலையில் தெரியும் தொப்பிகளில் பாதி அவள் பின்னியவை. பின்னும்போது வாயும் சேர்ந்து பின்னும்.

அவளிடம் இரண்டு பேச்சு உண்டு. எங்கள் தீவுப் பேச்சு கோழிக்கும் மகனுக்கும் பல்வலிக்கும். வேதாகமம் எங்களுக்கு வந்து சேர்ந்த பெரிய தீவு ரரோடோங்காவின் பேச்சு ஆண்டவருக்கும் போதகருக்கும் விருந்தாளிக்கும். இரண்டும் அக்கா தங்கைதான். ஆனால் பெண்ணை நாங்கள் 'வஹினே' என்று மூச்சுவிட்டுச் சொல்வோம். ரரோடோங்காக்காரர்கள் சொல்லின் நடுவில் அந்த மூச்சைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டு 'வ-இனே' என்பார்கள்.

"முழுங்குன மூச்செல்லாம் எங்க போகும்? அதான் அவங்களுக்கு வயித்துல காத்து" என்பாள் தெமாரு.

"ஏன் தெமாரு, நம்ம பேச்சு கடவுளுக்குத் தெரியாதா?" என்று கோயில் மூப்பர் துதேரு ஒருநாள் கேட்டார்.

"தெரியுமே, அதான் பயமாருக்கு. கோழிய வஞ்சதெல்லாம் கேட்டிருப்பாருல்ல. அதே பேச்சோட போயி எப்பிடி நிக்கிறது?"

போன வருஷம் கைனா ரரோடோங்காவில் அந்த ஊர்ப் பெண் தெபாயெருவைக் கட்டிக்கொண்டு வந்தான். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள் தெமாரு. கூடவே கோயில் பேச்சும் வெளியே வந்தது.

"மகளே, இந்த ஆசனத்தில் அமர்வாயாக. இந்த மீன்தலையை உனக்கென்று வைத்தேன், எடுத்துப் புசி."

முதல் நாள் அழகாகத்தான் இருந்தது. வருஷம் முழுக்க அப்படியே இருந்தால் யாருக்குத் தாங்கும்?

"உங்கம்மா வாயத் தெறந்தா நான் எந்திரிச்சு நிக்கணுமா, தலையக் குனியணுமான்னே தெரியல" என்றாள் தெபாயெரு கணவனிடம். "கோழிய வையிறாங்க, ஒன்ன வையிறாங்க. என்ன ஒரு தடவ வஞ்சிருப்பாங்களா? சரக்குக் கப்பல் நாளைக்கு வருது. விருந்துக்கு வந்தவ கெளம்ப வேண்டியதுதான்." சொன்னதோடு நிற்காமல் பெட்டியைக் கயிறுபோட்டுக் கட்டியும் வைத்துவிட்டாள்.

கைனா அம்மாவிடம் ஓடினான். "அம்மா, அவள ஒரே ஒரு வார்த்த திட்டேம்மா."

"போடா. ரரோடோங்காவுல ஒரு கடையில நான் நம்ம பேச்சுல வாயத் தெறந்ததும், 'ஓடி வந்தீங்களா, மூச்சு வாங்குதே'ன்னு அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. வீட்டுக்குள்ளயும் ஒருத்தி சிரிக்கணுமா?"

மறுநாள் காலையில் கப்பல் கடலில் புள்ளியாய்த் தெரிந்தது. போதகரம்மாவின் தொப்பிக்கான குருத்து முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. தெமாரு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம் மேகம் கறுத்தது. தெபாயெரு நாற்காலியில் உட்கார்ந்து கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் துளி விழுந்ததும் தெமாரு ஓடிவந்தாள்.

"அடி கூறுகெட்டவளே, வானம் இருண்டது கண்ணுல படலயா? குருத்துல புள்ளி விழுந்தா ஓந் தலையிலயா கவுத்துறது? மகாராணியாட்டம் குந்தியிருக்கா பாரு. எந்திரிடி."

அவ்வளவும் தீவுப் பேச்சு. பேசி முடித்ததும் தெமாரு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மழையில் நின்றபடியே, "மகளே, என்னைப் பொறுத்தருள்வாயாக..." என்று தொடங்கினாள்.

குருத்தை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு தெபாயெரு திரும்பினாள். "இந்தா வந்துட்டேன் அத்த, கத்தாதீங்க" என்றாள், அவளும் தீவுப் பேச்சில். மூச்சு இல்லாத இடத்திலும் இரண்டு மூச்சு சேர்த்துவிட்டிருந்தாள்.

தெமாரு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்டி, ஓடி வந்தியா? மூச்சு வாங்குது."

உள்ளே போனதும் தெபாயெரு பெட்டிக் கயிற்றை அவிழ்த்து, தூணுக்குத் தூண் கட்டி, நனைந்த குருத்தை அதில் தொங்கவிட்டாள். வேலை முடிந்ததும் அலுப்பில் தெமாருவின் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைனா பதறிப்போய் நாற்காலியை இழுத்து வந்தான்.

தெமாரு நாற்காலி இருந்த பக்கமே திரும்பவில்லை. கால் பெருவிரலை நீட்டி மருமகளை ஓரமாக நெட்டித் தள்ளிவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்தாள்.