காசிம் நானாவின் குதிரைப்படை

ஈயச் சிப்பாய்களை மேசையில் நிறுத்திச் சண்டை பிடிக்கும் தொழிலில் சம்பளம் கிடையாது; அதனால்தான் இதிலிருந்து யாரையும் வேலைநீக்கம் செய்யவும் முடிவதில்லை. உங்களில் சிலருக்கும் இந்த வருத்தம், இந்த நோய், இருக்கும். தபால் முத்திரை சேர்ப்பவர்கள், தனியாக உட்கார்ந்து சதுரங்கம் ஆடுபவர்கள், இன்னும் அந்தப் பைத்தியம் விடவில்லையா என்று வீட்டில் கேட்கப்படுபவர்கள் எல்லோரும் என் கூட்டம். எனக்கு இது தொற்றியது அறுபதுகளின் நடுவில், பதுளையில் ஆங்கிலமும் தமிழும் படிப்பித்துக்கொண்டிருந்தபோது. பிறகு சாம்பியாவில் நெடுங்காலம் படிப்பித்துவிட்டு, ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் ஊர் திரும்பினேன். பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே அந்த விளையாட்டின் திருத்திய விதிப்புத்தகம் இருந்தது. ஆனால் இதற்கு எதிரி வேண்டும். என் எதிரி பதுளை பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த காசிம் நானா. அவர் மறுபடி மேசைக்கு வருவாரா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

ஈயத்தாள்

முதலில் எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆளான தங்கவேலு மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கர், தேயிலை ஆக்கும் வேலைக்குப் பொறுப்பானவர். ஃபெக்டரிக்குள் அவர் சொன்னதுதான் சட்டம். பங்களாவைக் காலிசெய்து சீமைக்குப் போன வெள்ளைக்காரச் சின்னதுரை ஒருவர், ஒரு பித்தளை அச்சையும் மெல்லிய ஆங்கிலப் புத்தகமொன்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அச்சில் ஒரு காலாள், ஒரு குதிரைக்காரன். புத்தகத்தில், அவர்களை எப்படிச் சண்டைக்கு விடுவது என்ற விதிகள்.

ஈயத்துக்கு எங்கே போவது? பழைய தேயிலைப் பெட்டிகளின் உள்ளே விரித்திருந்த ஈயத்தாள் ஃபெக்டரி ஸ்டோரில் மூலைக்கு மூலை கிடந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு தங்கவேலு பஸ் ஏறி வருவார். நானாவின் கடைப் பின்கட்டில் இரும்புச் சட்டியில் உருக்கி, மூன்று பேருமாகப் படை வார்த்தோம். தாளில் ஒட்டியிருந்த தூள் கருகி, கடை முழுக்கத் தேயிலைப் புகை மணக்கும். நானா தன் ஆட்களுக்கு நல்ல பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டார். எனக்குக் கிடைத்தது தகரக்கூரைச் சிவப்பு. அச்சிலிருந்து வந்த முதல் சிப்பாய்க்கு மூக்கே இல்லை. நான் முகம் சுளித்ததும் தங்கவேலு அவனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, தேயிலைக்குத் தரம் போடுவதுபோல் சொன்னார்: "கடைசி கிரேடுதாங்க மாஸ்டர். ஆனா ஏலத்துல போயிருவான்."

கூலி

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் விதிகளை நான்தான் வாயால் சொல்லிவந்தேன். நானாவுக்கு அது பிடிக்கவில்லை. எதிரியின் வாயாலா சட்டம் கேட்பது என்றார். ஒரு பாடசாலை விடுமுறைக்கு நான் கொஸ்லந்தையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே தமிழாக்கிவிட்டார். குதிரைப்படை 'சார்ஜ்' செய்யலாம் என்று ஓரிடத்தில் வருகிறது. பாய்ந்து தாக்கலாம் என்று அர்த்தம். நானாவுக்குத் தெரிந்த சார்ஜ், லொறிக்காரன் பில்லில் எழுதும் சார்ஜ்தான். ஆகவே, 'தாக்கப் போகிறவர் முதலில் கூலி வைக்க வேண்டும்' என்று எழுதினார். சிப்பாய்களிடம் ஏது காசு? தன் படையில் ஒருவனைத் தூக்கி மேசைக்கு வெளியே வைப்பதுதான் கூலி என்று தீர்ப்பும் கொடுத்தார்.

நான் சிரித்துத் திருத்தினேன். என்றாலும் ஒருமுறை அப்படியே ஆடிப் பார்ப்போமே என்று ஆடினோம். சும்மா சும்மா பாய்ந்துகொண்டிருந்த என் குதிரைகள் நின்று யோசிக்கத் தொடங்கின. ஆட்டம் முன்னையைவிட நன்றாகவே இருந்தது. அதுவே பதுளைச் சட்டமாயிற்று. வெளியே வைக்கப்படும் சிப்பாய்க்கே கூலி என்ற பேரும் நிலைத்தது. தோட்டத்தில் அந்தச் சொல்லால் கூப்பிடப்பட்டவர்களின் வீட்டில் பிறந்த தங்கவேலு, அவனைக் கையில் எடுத்துப் பார்த்தார். "சண்டை தொடங்குறதுக்கு முன்னாடியே சாகிறவனுக்குப் பேரு கூலியா? சரியாத்தான் வச்சிருக்கீங்க நானா."

வித்தியாதிகாரி வந்த சனிக்கிழமை

கடையில் இடம் போதாமல், சனிக்கிழமைகளில் என் வகுப்பறை மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு ஆடுவோம். மேலே சாக்கு விரித்து, அடியில் பழைய பாடப்புத்தகங்களை அடுக்கினால் மலை. ஒருநாள் நானாவும் நானும் முழங்காலில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பீரங்கிக்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல், பாடசாலைகளைப் பரிசோதிக்கும் வித்தியாதிகாரி வந்து வாசலில் நின்றார். அந்தக் காலத்து வாத்தியார்களுக்கு வித்தியாதிகாரி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரித்திர பாடத்துக்கு ஆயத்தம் செய்கிறோம் என்றேன். எந்தப் போர் என்று கேட்டார். நானா எழுந்து நின்று மரியாதையாக, அது முடிந்த பிறகுதான் தெரியும் என்றார்.

வித்தியாதிகாரி மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து, சாக்கு மலைக்குப் பின்னால் இருந்த என் பீரங்கியின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று திரும்பாமலே சொன்னார்: "அந்தப் பீரங்கி நிற்கிற இடத்திலிருந்து ஒன்றும் தெரியாது மாஸ்டர், மலை மறைக்குது. எனக்கும் இங்கே ஒன்றும் தெரியவில்லை."

சாக்குப்போக்கு

சாம்பியாவுக்குப் போகும்போது என் சிவப்புப் படையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு நானாவின் கடையிலேயே வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்த வாரமே பஜாருக்கு ஓடினேன். நானா கட்டிப்பிடித்தார், தேத்தண்ணி வரவழைத்தார், ஆப்பிரிக்காவில் தெருவில் சிங்கம் ஈக்குதா என்று கேட்டார்; 'இருக்கிறதா' என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும். புதிய புத்தகத்தை வெளியே எடுத்ததும் அவருக்கு வேலை வந்துவிட்டது. சாமான் கணக்கெடுக்க வேண்டுமாம். அடுத்த முறை போனேன், நோன்பு. நோன்பு முடிந்து போனேன், மகளின் கலியாணம். கலியாணம் முடிந்ததும் கண் சரியில்லை என்றார். பிஸ்கட் டின்னையாவது தாருங்கள் என்றால், அலுமாரிச் சாவியைக் காணோம்.

வயது போய்விட்டதா, அல்லது நான்தான் அந்நியனாகிவிட்டேனா என்று எனக்குள் ஒரு பயம். பஸ் ஸ்டாண்டில் தங்கவேலுவைக் கண்டு புலம்பினேன். தோட்டம் அரசாங்கத்துக்குப் போனபிறகும் அவர் அதே ஃபெக்டரியில்தான் இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எதிரி இப்படி ஓடுறாருன்னா ஜெயிச்சது நீங்கதானுங்களே. அத வச்சுக்கிட்டுப் பேசாம இருங்க மாஸ்டர்."

வாளிகள்

பேசாமல் இருக்க முடிந்தால் நான் ஏன் இந்தத் தொழிலுக்கு வருகிறேன்? ஒரு மழை மத்தியானம் சொல்லாமலே கடைக்குள் நுழைந்தேன். மடுல்சீமையிலிருந்து வந்த ஒரு பெண், ஒழுகும் வாளியோடு நின்றாள். நானா பின்கட்டில் குந்தி, கரியடுப்பில் இரும்பைக் காய வைத்து, ஒரு டின்னிலிருந்து ஈயத்துண்டு ஒன்றை எடுத்தார். அது ஒரு குதிரையின் பின்னங்கால்கள். தகரக்கூரைச் சிவப்பு.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஆனாலும் அந்தப் பெண்ணின் வேலையை முடித்து, தண்ணீர் ஊற்றி, ஒழுகவில்லை என்று காட்டி அனுப்பிய பிறகுதான் என்னிடம் வந்தார். நான் சாம்பியாவில் இருந்தபோது, இறக்குமதி நின்ற வருஷங்களில் கடையில் ஒரு வாளி கிடையாது, ஒட்டுவதற்கு ஈயமும் கிடையாது. தோட்டத்தில் ஒரு லயத்துக்கு, ஒரு வரிசை வீடுகள் முழுவதற்கும், ஒரு பைப். தண்ணீர் சுமந்துதான் ஆகவேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் முதலில் தன் பச்சைப் படையை உருக்கினாராம். அது முடிந்ததும் என் காலாட்கள். பிறகு என் குதிரைகள். நான் வரவே மாட்டேன் என்று நினைத்தாராம். வந்து நின்றபோது முகம் பார்க்க வெட்கமாக இருந்ததாம். நான் டின்னுக்குள் குனிந்து பார்க்க, அவர் சொன்னார்: "ஒங்கட குதிரப்பட முழுக்க மடுல்சீம லயங்கள்ல தண்ணி காத்துக்கொண்டு ஈக்குது மாஸ்டர். திருப்பிக் கேட்டா நான் எங்க போற?"

திருத்திய பதிப்பு

கேட்கவில்லை. படை போனால் போகட்டும், புத்தகத்தையாவது படிப்போம் என்று உட்கார வைத்தேன், தங்கவேலுவும் வந்தார். புதிய விதிகளில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் புள்ளிக்கணக்கில் ஒரு விலை. இரண்டு பக்கமும் ஒரே தொகைக்குப் படை வாங்கவேண்டும். இது ஏதோ கணக்குப் பாடம் போல எனக்குப் பிடிக்கவேயில்லை. நானாவோ காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துவிட்டார். தளபதிக்கு விலை அதிகம் என்று புத்தகத்தோடு பேரம் பேசினார். குதிரைகளை மொத்தமாக எடுத்தால் குறையுமா என்று கேட்டார். கண் சரியில்லை என்றவர் அடிக்குறிப்புவரை வாசிக்கச் சொன்னார்.

தங்கவேலு மட்டும் விலைப்பட்டியலை மேலிருந்து கீழாக என்னிடம் இரண்டுமுறை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். "துரைக்கு அம்புட்டுப் புள்ளி, ஆளுக்கு ஒத்தப் புள்ளி. புத்தகந்தாங்க புதுசு."

போயா லீவு

ஈயம் இல்லாமல் என்ன செய்வது என்ற என் கேள்விக்கு, பௌர்ணமிக்குக் கடையடைக்கும் போயா லீவன்று நானா கடைக் கவுண்டரில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் பதில் சொன்னார். பித்தளை ஸ்க்ரூக்கள் அவருடைய காலாட்கள். தலைகீழாக நிறுத்தினால் விழாமல் நின்றன. போல்ட்டுகள் குதிரைப்படை. கதவுப் பிணைச்சல் பீரங்கி. எனக்கு இரும்பு ஸ்க்ரூக்கள். ஒற்றைக் கதவைத் திறந்துவைத்து, திருத்திய பதிப்பின்படி மத்தியானம்வரை அடித்துக்கொண்டோம். பத்து வருஷம் வயது குறைந்த மாதிரி நானா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

நடுவில் ஒரு இளைஞன் எட்டிப் பார்த்து, ஸ்க்ரூ கிடைக்குமா என்றான். கடை பூட்டியிருக்கிறது, நாளைக்கு வா என்றார் நானா. அவன் விடவில்லை, அதோ முன்னாலேயே இத்தனை நிற்கிறதே என்று கவுண்டரைக் காட்டினான். வாசலுக்கு வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பிப் பழகாத மனிதர் ஒரு கணம் தன் படையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அது விக்கிறதுக்கில்ல தம்பி. அதுகள் சண்டையில ஈக்குது."

அன்று நான் தோற்றேன் என்பதையும், தோற்றவனே பொறுக்க வேண்டும் என்று எந்தப் பதிப்பிலும் எழுதியிராதபோதும் தரையில் சிதறிய ஸ்க்ரூக்களைப் பொறுக்கியவன் நானேதான் என்பதையும் இதே தொழிலில் இருக்கும் உங்களுக்குச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.