கை வலித்தவர்களும் வலிக்காதவர்களும்

கொதிக்கிற தண்ணீரில் கண்ணாடி சிரிஞ்சுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சிறுவயதில் கரமனை டிஸ்பென்சரியில் கேட்டது. ஜலதரங்கக்காரர் கிண்ணங்களுக்குச் சுருதி சேர்ப்பது போல இருக்கும். பின்னாலேயே ஏதாவது ஒரு குழந்தை வீறிடும். இப்போது ஊசி காகித உறைக்குள் சத்தமில்லாமல் வருகிறது. சத்தம் போடுவதெல்லாம் மனிதர்கள்தான்.

ஊசி குத்துவது எளிது, குத்தப்படுகிறவருக்கு விளக்கிச் சொல்வதுதான் தொழில். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற என்னை ஒரு ஃப்ளூ தடுப்பூசி ஆராய்ச்சியில் கோ-ஆர்டினேட்டராக அமர்த்தினார்கள். இந்த மலையாள ஊரில், கரமனை, ஸ்ரீவராகம் தெருக்களில் என்னைப் போன்ற கிழங்களிடம் தமிழில் பேச ஆள் வேண்டுமாம். வயதானவர்களுக்கு வழக்கமான டோஸ் போதுமா, கூடுதல் டோஸ் வேண்டுமா என்பது கேள்வி. ஊசிக்கு முன் கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி எடுப்பார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். யாருக்கு எந்த டோஸ் என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஜனங்களுக்கு எதையாவது விளக்கிச் சொல்லி வயிறு வளர்த்தவர்களே, மேலே படியுங்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

பாம்பு விஷமானாலும்

முதலில் வந்தவள் கமலம். மகளிர் கல்லூரியில் என் கூடப் படித்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயை இழந்த தம்பி மகன் கார்த்திக்கைத் தோளில் போட்டு வளர்த்தாள். அவனுக்கு இப்போது கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, பெரிய ஃப்ளாட், திவ்யா என்றொரு மனைவி. அவர்களுக்குக் குறைமாதத்தில் ஒரு பையன் பிறந்திருந்தான். நுரையீரல் பலவீனம், ஜுரக்காரர் யாரும் அண்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவ்வளவு சிறிய குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது, சுற்றியிருக்கும் எல்லாரும் போட்டுக்கொள்வதுதான் அதற்குக் கவசம் என்றும் சொல்லியிருந்தார். திவ்யா அதில் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் காதில் வாங்கினாள். அத்தை ஊசி போட்டு, எதிர்ப்புச் சக்தி ஏறிவிட்டதென்று நிரூபித்த பிறகுதான் குழந்தையைத் தொடலாம் என்று சொல்லிவிட்டாள்.

சம்மதப் படிவத்தைக் கமலத்துக்கு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். அவள் என் வாயைப் பார்க்கவில்லை, ஊசி வைத்திருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்பது விதி, கேட்டேன்.

"எங்கே கையெழுத்துன்னு மட்டும் சொல்லுடி. அவனைத் தூக்கறதுக்கு, பாம்பு விஷம்னாலும் குத்திப்பேன்."

முட்டை விசாரம்

ஸ்ரீவராகத்து அனந்தராமன் மாமா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். எந்தக் காகிதத்தையும் கடைசி வரியிலிருந்து படிப்பார். எங்கள் விளக்கத் தாளின் கடைசியில், இந்தக் கிருமியைக் கோழிமுட்டையில் வளர்த்து மருந்து தயாரிக்கிறார்கள் என்று இருந்தது. மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். குலம், ஆசாரம், காயத்ரி என்று வரிசையாக எல்லாவற்றையும் சாட்சிக்கு அழைத்தார். வாய் வழியாகப் போனால் ஆகாரம், தோள் வழியாகப் போனால் ஔஷதம் என்று நானே ஒரு சாஸ்திரம் இயற்றிச் சொன்னேன். அதற்கு மூலம் எங்கே என்று கேட்டார்.

அப்படியும் அன்றைக்கே அவர் சட்டைக் கையை மடித்தார். அதற்குக் காரணம் என் சாஸ்திரம் அல்ல. அவர் மனைவி விசாலம் மாமி, அடுக்களை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டது:

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு பேக்கரியிலேர்ந்து பிளம் கேக் வாங்கிண்டு வந்து, ஜன்னலைச் சாத்திண்டு தின்னறேளே, அது என்ன மாமரத்துல காய்ச்சதா?"

புதிய ஜாதிகள்

ஊசி போட்ட மறுநாள் தெருவே இரண்டு ஜாதியாகப் பிரிந்தது: கை வலித்தவர்கள், கை வலிக்காதவர்கள். வலித்தவர்கள் தங்களுக்குக் கிடைத்தது உசந்த மருந்து என்று தாங்களே தீர்மானித்துக்கொண்டார்கள். அனந்தராமன் மாமா அங்கவஸ்திரத்தால் தொட்டில் கட்டிக் கையை அதில் போட்டுக்கொண்டு, போர்முனையிலிருந்து திரும்பியவர் போலக் கிழக்கேகோட்டை வரை நடந்து போய் வந்தார். வலிக்காதவர்களைப் பார்த்து அனுதாபப்பட்டார். வலி எதையும் நிரூபிக்காது என்று நான் வாசல் வாசலாகச் சொன்னேன். நான் படியிறங்குவதற்குள் மறந்தார்கள்.

கமலத்துக்குக் கை வலிக்கவில்லை. வலியை வரவழைத்துவிடலாம் என்று சப்பாத்தி மாவைப் போலத் தோளைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கடைசியில் என்னைத் தேடி வந்து காதோடு சொன்னாள்:

"உங்க ஆபீஸ்லே கேட்டு இந்தக் கையிலேயும் ஒண்ணு குத்தச் சொல்லேன். கொஞ்சம் வலிக்கறாப்பலே."

டாக்டரின் வீரம்

எங்கள் ஆராய்ச்சியில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். முதியவர்கள் எல்லாரும் செவிடர்கள் என்பது அவருடைய முடிவு. தோளில் கை வைத்து, கோட்டைக்குள் பட்டாளம் நிறுத்துகிற மாதிரிதான் அம்மா இது, பயப்படக் கூடாது என்று வார்டு அதிரக் கத்துவார். அந்தக் குரலில் இறங்கிப் பேசுகிற மந்தர ஸ்தாயியே கிடையாது. பயம் என்பது படிப்பறிவில்லாமையின் பக்கவிளைவு என்று ஒரு கூட்டத்தில் பேசி, கைதட்டும் வாங்கினார்.

பிறகு ஊழியர்களுக்கும் ஊசி போடும் நாள் வந்தது. டாக்டருக்குக் காலையில் மேல்மாடியில் மீட்டிங், பிற்பகலில் கீழ்மாடியில் மீட்டிங். ஏதோ அவசரமாக்கும் என்று நானும் அவரைத் தேடி மாடிமாடியாக ஏறி இறங்கினேன். மூட்டுவலியோடு நான் திரும்பியதும் நர்ஸ் ஷைலா தட்டை மூடி வைத்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்:

"விடுங்க டீச்சரே. சாருக்கு ஊசியைக் கண்டா தலை சுத்தும். பின்னே அத்ர பெரிய ஆளை யாரு தூக்கறது?"

இளமை என்னும் தடுப்பூசி

கமலத்தின் இரண்டாவது இரத்தமும் எடுத்தாயிற்று. உடனே திவ்யாவிடமிருந்து போன். "ஆன்ட்டி, அத்தைக்கு ஆன்ட்டிபாடி எத்ர ஏறியிருக்குன்னு ஒரு மெயில் அனுப்பிடுங்க" என்றாள் அவளும் மலையாளம் கலந்த தமிழில், தேங்காய் எத்தனை ரூபாய் என்று கேட்கும் தொனியில். ஆராய்ச்சி முடியும்வரை அந்த எண்ணை யாருக்கும் சொல்லமாட்டார்கள் என்றேன். சொன்னாலும் ஒற்றை எண் யாருக்கும் உத்தரவாதம் ஆகாது, வயதான உடம்பு மெதுவாகத்தான் பதில் சொல்லும் என்றேன். "அப்போ ரிசல்ட் வரட்டும், அத்தை வெயிட் பண்ணட்டும்" என்றாள்.

நீயும் கார்த்திக்கும் ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டேன். சிரித்தாள். நல்ல சுருதி சுத்தமான சிரிப்பு.

"நாங்க யங் அல்லே ஆன்ட்டி? டெய்லி ஜிம்முக்குப் போறோம்!"

மூன்று வாசல்

கமலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் மாறி மாறிக் கழக்கூட்டம் போனாள். முகமூடி போட்டுக்கொண்டு ஹாலில் நிற்பாள். உள்ளறைக்குக் கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் திவ்யா குழந்தையைச் சுற்றிய துணிச் சுருளைத் தூக்கிக் காட்டுவாள். கமலம் இந்தப் பக்கம் கண்ணாடியில் மூச்சுப் படாமல் எட்டிப் பார்ப்பாள். கார்த்திக் சோபாவில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பான். தன்னைத் தோளில் போட்டு வளர்த்தவளுக்காக எழுந்து அந்தக் கதவைத் திறக்கலாம் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஒருநாள் கமலம் திரும்பி வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். குழந்தையைப் பார்த்தாயா என்றேன்.

"கோயில்லே பத்மநாபனைக் கூட மூணு வாசல் வழியா முகம், நாபி, பாதம்னு பார்த்துடலாம். இவன்கிட்ட எனக்குப் பாதம் மட்டும்தான்டி கிடைச்சது."

கதவு திறந்தது

மழை தொடங்கியதும் ஜுரம் வந்தது. அத்தையிடமிருந்து அல்ல. கார்த்திக் அதை ஆபீஸிலிருந்து கொண்டுவந்தான். திவ்யாவும் படுத்தாள். ஜிம் இருவரையும் காப்பாற்றவில்லை. குழந்தையை ஜுரக்காரர் அண்டக்கூடாதே! திவ்யா கரகரத்த குரலில் கமலத்துக்கு போன் செய்தாள். எதிர்ப்புச் சக்தி எத்ர என்று கேட்கவில்லை. கமலம் ஆட்டோவில் பறந்துபோய்க் குழந்தையைக் கரமனைக்குத் தூக்கி வந்தாள். முகமூடியைக் கழற்றாமல் புட்டிப்பால் கொடுத்தாள், தாலாட்டுப் பாடினாள். குழந்தைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. திவ்யா வேலைக்குத் திரும்பியதும் தினமும் அவனைக் கமலத்திடமே விட்டுப் போனாள். நிரூபணம் கேட்ட வாய், ஆயா கிடைத்ததும் மூடிக்கொண்டது.

ஆராய்ச்சி முடிந்து எண்கள் வெளியே வந்தன. அனந்தராமன் மாமாவின் தொட்டில் கட்டிய கையில் போனது வெறும் வழக்கமான டோஸ். கமலத்துக்கும் அதேதான், அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறியதாகவே சொல்ல முடியாது. பங்கேற்றவரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. போனேன். குழந்தை அவள் தோளில் கன்னத்தை அழுத்தித் தூங்கிக்கொண்டிருந்தான். சொன்னேன். அவன் முதுகில் அவள் தட்டும் தாளம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

"மெதுவாப் பேசுடி, தூங்கறான். அவன் அம்மா காதுல மட்டும் இது விழவே வேண்டாம்."

ஊசியைக் கண்டால் தலை சுற்றும் டாக்டர் இப்போது தடுப்பூசிக் கருத்தரங்குகளில் தலைமை உரை ஆற்றுகிறார், கார்த்திக்கும் திவ்யாவும் ஊசி போட்டுக்கொள்ளாமலே ஜிம்முக்குப் போகிறார்கள், கமலம் போன மழைக்காலத்தில் இருதயம் நின்று இறந்துபோனாள். அவள் இரத்தம் மட்டும், பெயரை விட்டு ஓர் எண்ணாக, ஆராய்ச்சிக்கூடத்து ஃப்ரீசரில் உறைந்து கிடக்கிறது.