இரண்டு தட்டு

வெள்ளவத்தையில் ரயில் பாதையோரக் கட்டடமொன்றின் மேல்மாடியில் எனக்கு ஜியு-ஜிட்சு மல்யுத்தம் பழக்கிய மாஸ்டருக்கு, காதுகள் இரண்டும் நசுங்கித் தடித்திருக்கும். வென்ற போட்டிகளைப் பற்றி அவர் கதைத்ததில்லை. பிடி தாங்காமல் நாங்கள் இரண்டு தரம் தட்டினால், அந்தக் கணமே விட்டுவிடுவார்.

"வீட்டில ஆர் இருக்கினம், மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. இஞ்ச வந்தாத்தான் ஒரு மனுசரில கை படுறது," என்று சிரித்தார்.

கனடா போகுமுன் என் கடைசி வகுப்பு முடிந்ததும், அவர் என்னை இறுகக் கட்டிப்பிடித்தார். நான் ஆறுதலாக அவர் முதுகில் இரண்டு தரம் தட்டினேன். சட்டென்று கைகளை எடுத்துவிட்டு விலகி நின்றார்.

நான் விடச் சொல்லித் தட்டவில்லை.