பேசினில் குறைந்த பச்சைத் தண்ணீர்

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கும்போது எழும் ஆவிக்கு ஓர் இனிப்பு வாசம் உண்டு. வெல்லப்பாகு முற்றுவதற்குச் சற்று முன்னால் அடுப்படியிலிருந்து வருவதைப் போன்றது. எனக்குப் பத்து வயதான அந்தச் சித்திரை முழுவதும் எங்கள் வாசலில் அந்த வாசம்தான் இருந்தது.

துபாயில் ஒரு பணக்காரர் வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, வேலை முடிந்து ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியபோது, திருச்சியில் யாரோ ஒருவர் வீட்டு ஷெட்டில் பல வருடம் நின்று கிடந்த ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு கதவு, இரண்டு இருக்கை, வெயிலில் வெளுத்த சிவப்பு. அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டுல மூணு பேரு இருக்கோம்" என்று மட்டும் சொன்னார்.

கார் ஓடியது. ஆனால் ரேடியேட்டரில் ஊற்றிய கூலன்ட், எங்கள் வீட்டுப் பேச்சில் "பச்சத் தண்ணி", நாளுக்கு நாள் குறைந்தது. மெக்கானிக் சேவியர் அண்ணன் ஆவூர்க்காரர்; எங்கள் ஊரில் பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். இரவில் காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைக்கச் சொன்னார். காலையில் தாள் காய்ந்தே கிடந்தது.

"ஒழுகவும் இல்ல, ஆனா கொறையுது. யாரோ வந்து குடிச்சிட்டுப் போறாங்கண்ணே" என்றார்.

சனிக்கிழமை மாலை எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அதன் உட்புறத்தைக் காட்டினார். பால் கூடிப்போன டீயின் நிறத்தில் ஒரு பசை. ஆயிலோடு தண்ணீர் கலந்தால் அப்படி ஆகுமாம். சிலசமயம் வெறும் ஈரத்தாலும் அப்படி ஆகுமாம். அதனால் அவர் அவசரப்பட்டு எதையும் சொல்லவில்லை. ரேடியேட்டரை அடியில் திறந்து, கூலன்ட்டை அலுமினியப் பேசினில் விளிம்புவரை இறக்கினார். "கீழ ஊத்திராதீங்க. ராத்திரி தெளியட்டும். எண்ணெய் மெதந்துச்சுன்னா உள்ள ரெண்டும் கலந்துருச்சுன்னு அர்த்தம். நாளைக்குப் பூசை முடிஞ்சு மத்தியானம் வாரேன்."

அந்த வருடம் கிணறு வற்றியிருந்தது. எங்கள் வீட்டில் தண்ணீர் தரையில் விழாது. அரிசி கழுவியது ஆட்டுக்கு, முகம் கழுவியது வாழைக்கு, மிச்சம் "ஓட்டுக்கு". ஓடு என்பது உடைந்த பானையின் அடிப்பாகம். எங்கள் நாய் செவலையும் காக்கைகளும் அதில்தான் குடிக்கும். அதை நிரப்புவது என் வேலை. ஞாயிறு காலை அது காய்ந்து கிடந்தது. பக்கத்திலேயே பேசின் நிறையத் தண்ணீர். மேலே மிதந்த எண்ணெய்ப் படலத்தைக் கையால் ஒதுக்கிவிட்டு, செவலைக்காக ஒரு சொம்பு மொண்டு ஊற்றினேன். அது ஓட்டை நக்கித் துடைத்துவிட்டு என் கையையும் நக்கியது.

பத்து மணிக்கெல்லாம் செவலைக்குப் பின்னங்கால்கள் பின்னின. சுவரில் மோதியது, வாந்தி எடுத்தது, வாயோரம் நுரை ஒட்டியிருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் கீழத்தெருவில் வெறிநாய் ஒன்று ஆட்டைக் கடித்திருந்தது. எதிர்வீட்டு ராசு மாமா கம்போடு வந்துவிட்டார்.

"மச்சான், வெறிதான். புள்ள இருக்கிற வீடு. யோசிக்காதீங்க."

"தண்ணி குடிக்குதுப்பா, குடிச்சுக்கிட்டே இருக்குப்பா" என்றேன். உண்மையில் அது வாளியில் வாயை வைத்தபடியே நின்றது. வெறி பிடித்தது தண்ணீருக்குப் பயப்படும் என்றுதான் அங்கே எல்லாரும் சொல்வார்கள். அப்பா தயங்கினார்.

"இன்னிக்குக் குடிக்கும், நாளைக்குக் குடிக்காது. அதுக்குள்ள எத்தனை பேரக் கடிக்குமோ" என்றார் மாமா.

அப்பா காரிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தார். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். மூன்று அடி கேட்டது.

மத்தியானம் சேவியர் அண்ணன் வந்து பேசினைக் குனிந்து பார்த்தார். படலத்தை விரலால் தொட்டு, "கலந்துருச்சுண்ணே, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கேஸ்கெட் போயிருச்சு" என்றார். பிறகு விளிம்பைக் கவனித்துச் சிரித்தார். "ரேடியேட்டர்லயும் கொறையுது, பேசின்லயும் கொறையுது. யாருண்ணே குடிக்கிறது? பாத்துங்க, நாக்குல வச்சா இனிக்கும், ஆனா வெசம். திருச்சி ஒர்க்‌ஷாப்புல ஒரு ஆடு இதக் குடிச்சுட்டுத் தண்ணியடிச்ச மாதிரி தள்ளாடியே செத்துச்சு."

அப்பா ஓட்டைப் பார்த்தார். அதன் அடியில் பச்சையாக ஒரு கோடு காய்ந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"பேசின் ஒழுகியிருக்கும்" என்றார்.

என் விரலில் ஒரு கீறல் இருந்தது. அதைத்தான் செவலை நக்கியிருந்தது. அதற்கு வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும் என்று ராசு மாமா மறுநாள் காலையிலேயே நினைவூட்டினார். ஊசி போட மாட்டோம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அப்பா என்னைப் பேருந்தில் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்; அடுத்தடுத்த ஊசிக்கும் நாள் தவறாமல் அழைத்துப் போனார். "வெறிநாய்தானா?" என்று நர்ஸ் கேட்டபோதெல்லாம் "ஆமாங்க" என்றார். நான் கையை நீட்டினேன். செவலை எதைக் குடித்தது என்று நாங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

கேஸ்கெட் மாற்றக் கழற்றிய எஞ்சின் மறுபடி பூட்டப்படவே இல்லை. இரண்டு மழைக்காலம் வாசலில் நின்ற காரைப் பழைய இரும்புக்காரர் வெட்டி எடுத்துப் போனார். கிணற்றை மூடிவிட்டார்கள், வாசலில் குழாய் இருக்கிறது, ஓடு இல்லை. அந்த வீட்டில் பிறகு நாய் வளர்க்கவில்லை. பத்திரிகை வேலையில் சாவுச் செய்திகள் என் மேசைக்கு வரும்போது, காரணத்தை யார் சொன்னது என்று இரண்டு முறை கேட்பேன்.

போன பொங்கலுக்கு என் மகள் பழைய புகைப்படம் ஒன்றைக் கண்டெடுத்தாள். சிவப்புக் கார், அதன் முன்சக்கரத்தில் சாய்ந்து படுத்திருக்கும் செவலை. "தாத்தா, இந்த நாய் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

அப்பா படத்தை வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வெறி புடிச்சிருச்சு" என்றார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.