வேலிக்கு அப்பால் அடிக்கிறவன்

பந்தைத் தூக்கி அடிக்கிறவனுக்கு அடிப்பது சுகமான பகுதி. அடித்த பிறகு வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. ஏதோ ஒரு திறமையோடு அந்நிய ஊரில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

அணி நிரம்பிய கதை

வாரநாட்களில் ஜெர்மனியின் ஹம் நகரில் தொழிற்சாலை வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எசன் நகருக்கு ரயிலேறி, அங்கே ஒரு தமிழ்க் கழகத்தின் கிரிக்கெட் அணித் தேர்வுக்குப் போனேன். போட்ட பந்தெல்லாம் வேலிக்கு அப்பால் போனது. பொறுக்கப் போனவர்களுக்கு மூச்சு வாங்கியது. செயலாளர் அண்ணைக்கு முகமெல்லாம் பல். என் தோளில் கைபோட்டு, "தம்பி ஊரிலை எவடம்?" என்றார். சொன்னேன்.

"அதிலை எந்தப் பக்கம்? கோயிலடியோ, அங்காலையோ?"

அங்காலை, கோயிலுக்கு அப்பால் என்றேன். எங்கள் ஊரில் அந்த ஒரு பதிலிலேயே சாதி வெளிவந்துவிடும். கை தோளிலிருந்து இறங்கியது. "டீம் நிரம்பிட்டுது தம்பி. மட்ச் அண்டைக்குக் கதிரை அடுக்க ஆள் காணாது, கட்டாயம் வாங்கோ."

மட்டையோடு ஓடியவன்

என்னோடு வேலை செய்யும் ஊவே என்ற ஜெர்மன்காரர் ஒரு பேஸ்போல் கழகத்தின் பயிற்சியாளர். நடந்ததை அவரிடம் சொன்னேன். சாதியை ஜெர்மன் மொழியில் விளக்க நான் பட்ட பாட்டில் அவருக்கு விளங்கியது, நான் தேர்வுக்குப் பிந்திப் போய்விட்டேன் என்பது மட்டும். ஆனாலும் தன் கழகத்துக்குக் கூட்டிப்போனார்.

முதல் நாளே பந்து மரங்களைத் தாண்டியது. பேஸ்போலில் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். நான் கிரிக்கெட் பழக்கத்தில் அதைக் கட்டிப்பிடித்தபடியே ஓடினேன். எல்லோரும் சிரித்து முடிய ஊவே கிட்ட வந்தார். "மட்டையை விட்டுவிட்டு ஓடு. இங்கே ஒருத்தரும் அதைப் பறிக்கமாட்டார்கள்."

உண்மையான ஊர்

இவர்களெல்லாம் புண்ணியவான்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வெளியூர் ஆட்டமொன்றில் நான் அடித்த பந்து கார் தரிப்பிடத்தில் போய் விழுந்தது. என் மட்டைக்குள் ஏதோ அடைத்திருக்கிறது என்று எதிரணிக்காரர் சோதிக்கச் சொன்னார்கள். நடுவர் தட்டிப் பார்த்தார்; முகர்ந்தும் பார்த்தார். மற்றவர்களின் மட்டையை யாரும் தொடவில்லை. வந்த கோபத்தில், அடுத்த முறை அடிக்க வந்தபோதும் பந்தை அங்கேயே அனுப்பினேன்.

ஆட்டம் முடிந்து பொரித்த கிழங்கு வாங்க நிற்கையில் ஒரு முதியவர், எந்த ஊர் என்று கேட்டார். ஹம் என்றேன்.

"இல்லை, உண்மையாக எந்த ஊர்?"

"உண்மையாகவும் ஹம்தான்."

அவர் கார் தரிப்பிடத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஹம்காரர் யாரும் இவ்வளவு தூரம் அடிப்பதில்லையே."

சிறப்பு விருந்தினர்

உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. அடுத்த நாளே எசன் செயலாளர் அண்ணையின் தொலைபேசி அழைப்பு.

"தம்பி, எங்கடை பிள்ளையெண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினரா வாங்கோ, பொன்னாடை போர்த்துறம்."

"ஓம் அண்ணை. டீமிலை இடம் இருக்கோ?"

"மேடை வேறை, டீம் வேறை தம்பி."

"அப்ப வர ஏலாது அண்ணை. அண்டைக்கு எனக்கு மட்ச் இருக்கு" என்றேன்.

அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "அந்த வெள்ளைக்காரர் உங்களட்டை ஒண்டும் கேக்கிறேல்லையோ?"

கேட்கத்தான் செய்கிறார்கள், ஆனால் பதிலைக் கேட்ட பிறகும், முகர்ந்து பார்த்தாவது, மட்டையைத் திருப்பிக் கையில் தந்துவிடுகிறார்கள்.