பிலோமினா கேட்ட பெயர்

பிலோமினா என்ற பெயர் உலகெங்கும் பரவத் தொடங்கி ஏறக்குறைய இருநூறு வருடங்களாகின்றன. பழைய கிரேக்கர்களிடம் அது முன்பே இருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் கத்தோலிக்கர்கள் அதைத் தங்கள் பெண்பிள்ளைகளுக்கு அள்ளி அள்ளி வைத்தது, 1802இல் உரோமையில் ஒரு நிலத்தடிக் கல்லறையில் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்த பிறகுதான். கல்லறையை மூடியிருந்த ஓடுகளில் அந்தப் பெயர் இருந்தது. அவள் யார், எப்படி இறந்தாள் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சி என்று முடிவு செய்தார்கள். நேர்த்தி வைத்தவர்களில் சிலருக்குக் கேட்டது கிடைத்தது. அதற்குப் பிறகு ஆதாரம் யாருக்கும் தேவைப்படவில்லை.

குருமாரோடு கப்பலேறி அந்தப் பெயர் கொழும்புக்கும் வந்தது. ஒரு காலத்தில் கொட்டாஞ்சேனையில் தெருவில் நின்று “பிலோ” என்று கூப்பிட்டால் நாலைந்து வீடுகளில் தலை எட்டிப் பார்க்கும். பிறகு 1961இல், அந்தப் புனிதையின் திருநாளை நாட்காட்டிகளிலிருந்து எடுத்துவிடும்படி உரோமையிலிருந்து அறிவித்தல் வந்தது.

நான் சொல்லவந்த பிலோமினா பிறந்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து.

அவருடைய தகப்பன் ஹியூபேட் துறைமுகத்தில் எழுதுவினைஞர். மனைவிக்குப் பிரசவம் கடினப்பட்டபோது, பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் இந்தப் பெயரை வைப்பதாகக் கோயிலில் அந்தப் புனிதையின் சுரூபத்துக்கு முன்னால் நேர்ந்துகொண்டார். பங்குச் சாமியார் தயங்கினார். தெரேசா இருக்கிறா, அன்னம்மாள் இருக்கிறா, இருக்கிறவர்களில் ஒருவரைத் தெரிவு செய்யலாமே என்றார். “சாமி, நான் நேர்ந்தது அவவுக்கு. கலண்டருக்கில்ல” என்று ஹியூபேட் சொன்னாராம். சாமியார் மறுபேச்சில்லாமல் தண்ணீர் ஊற்றினார். இதில் பெரிய விசுவாசம் எதையும் நான் காணவில்லை. ஒருவரிடம் வாங்கிய கடனை, அவர் முகவரி மாறிவிட்டார் என்பதற்காகக் கொடுக்காமல் விடக் கூடாது என்று நினைக்கும் மனிதரின் நேர்மை, அவ்வளவுதான்.

பிலோமினா கல்யாணம் செய்யவில்லை. இருபது வயதில் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எண்பத்து மூன்று ஜூலையில் வீடு திரும்பும் வழியில், மருதானைக்குப் பக்கத்தில் பஸ்ஸை மறித்துத் தமிழரைத் தேடிச் சிலர் ஏறினார்கள். ஒவ்வோர் இருக்கையாக நின்று சிங்களத்தில் பெயர் கேட்டார்கள். இவர் “பிலோமினா” என்றார். அந்தப் பெயரில் சிங்களப் பெண்களும் இருந்தார்கள், தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். கேட்டவன் அடுத்த இருக்கைக்குப் போனான். அடுத்த இருக்கையில் இருந்தவருக்கு என்ன நடந்தது என்பதைப் பிலோமினா இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அதன் பிறகு அவர் கடைக்குப் போகவில்லை. வீட்டு முன்னறையில் தையல் இயந்திரத்தைப் போட்டு ஞானஸ்நான உடுப்புத் தைக்கத் தொடங்கினார். வெள்ளைக் கவுன், தொப்பி, சின்னக் காலுறை, பிள்ளையைச் சுற்றும் சால்வை. சால்வையின் ஒரு மூலையில் பிள்ளையின் பெயரைப் பூவேலையாகப் போட்டுக் கொடுப்பார். அந்தப் பெயருக்காகத்தான் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். தொழில் நன்றாகவே நடந்தது. இன்று அந்த அறையில் கம்பியூட்டரில் ஓடும் பூவேலை இயந்திரம் நிற்கிறது. வத்தளையிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் ஓடர் வருகிறது. இத்தாலியில் வேலை செய்கிறவர்கள் வட்ஸ்அப்பில் அளவு அனுப்புகிறார்கள்.

பெயர்கள் மாறியதை அவர் இந்த அறையிலிருந்தே பார்த்தார். தொடக்கத்தில் மேரி, றோஸி, கொன்சப்டா. இரண்டு மூன்று வருடங்களில் நிலூஷா, றொஷானி, டிலானி. எந்தச் சந்தியில் யார் கேட்டாலும் ஆள் எந்தப் பக்கம் என்று தெரியாத பெயர்கள். பெற்றோர் அதைக் காரணமாகச் சொல்லமாட்டார்கள், அழகாக இருக்கிறது என்பார்கள். போர் முடிந்த பிறகு பெயர்கள் வெளிநாட்டுக்குப் போய்விட்டன. பிலோமினா என்று தைக்கச் சொல்லி வந்தவர்கள் வரவர அருகி, பிறகு யாரும் வரவில்லை.

ஞானத்தாயின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அந்தக் குடும்பங்களில் வழக்கம். பிலோமினா பலருக்கு ஞானத்தாயாக நின்றார். ஒவ்வொரு முறையும் தாய்மார் அவருடைய பெயரை இரண்டாவதாகச் சேர்த்தார்கள். இரண்டாவது பெயருக்கு ஆயுள் குறைவு. தனுஷியா என்ற ஞானமகள் வங்கியில் சேர்ந்தபோது அது ஓர் எழுத்தாகச் சுருங்கியது, கல்யாண அழைப்பிதழில் அந்த எழுத்தும் இல்லை. பிலோமினா கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். எதுவும் கேட்கவில்லை.

ஆனால் நிலூஷாவின் விசயத்தில் அவர் எதிர்பார்த்தார். நிலூஷா அவருடைய அக்கா றோஸியின் மகள். றோஸி மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனபோது பிள்ளையை இவரிடம் விட்டுப் போனார். வந்து வந்து போனாரே தவிர நிலைத்து இருக்கவில்லை, பிறகு அங்கேயே காலமானார். பள்ளிக்கூடம், காய்ச்சல், பரீட்சை, காதல், எல்லாவற்றையும் பார்த்தது பிலோமினாதான். நிலூஷா வெள்ளவத்தையில் ஒரு சைவக் குடும்பத்தில் கல்யாணம் செய்தாள். போன வருடம் களுபோவில ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானம் கொடுப்பதற்குக் கணவன் வீட்டார் தடை சொல்லவில்லை. ஞானத்தாய் யார் என்பதில் பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

பிலோமினாவிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெற்ற தாய் தன் வாயால் சொல்லாமல் எந்தப் பெயரையும் தைக்கமாட்டார். தகப்பன் சொன்னாலும் தைக்கமாட்டார், மாமி சொன்னாலும் தைக்கமாட்டார். கண்ணூறு படும் என்று ஞானஸ்நானத் தொட்டிக்குப் போகும்வரை பெயரை வெளியில் விடாத குடும்பங்கள் கொட்டாஞ்சேனையில் பல. அவர்களும் இவரிடம் மட்டும் வந்து காதில் சொல்லிவிட்டுப் போவார்கள். எத்தனையோ வீடுகளில் பாட்டன் பாட்டிக்கு முன்பே பெயர் தெரிந்தவர் இவர்தான்.

நிலூஷா சொல்லவில்லை. உடுப்புத் துணி பார்த்தாள், தொப்பிக்கு லேஸ் தெரிவு செய்தாள், பெயரைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லோரிடமும் மறைக்கிற பெயரை இவரிடமும் ஏன் மறைக்கவேண்டும்? பிலோமினா அதற்கு ஒரே ஒரு பதிலைத்தான் கண்டார். தனக்கு மறைக்கிறாள் என்றால், அது தன் பெயர். அந்த ஊரின் வழக்கத்துக்குள் வாழ்ந்தவருக்கு அது தவறான ஊகமாகத் தெரிந்திருக்காது. ஒரு பின்னேரம் இயந்திரத்தில் வெள்ளி நூலைக் கோத்து, சால்வை மூலையில் ‘பிலோமினா’ என்று தைத்து, மடித்து, மற்ற உடுப்புகளோடு பெட்டியில் வைத்தார்.

ஞானஸ்நானத்துக்கு முந்திய வாரம் நிலூஷா பிள்ளையையும் மாமியார் சுபோதினியையும் கூட்டிக்கொண்டு உடுப்பு அளவு பார்க்க வந்தாள். பெட்டியைத் திறந்தது சுபோதினி. கவுனைத் தூக்கிப் பார்த்து, தையல் நேர்த்தி என்றார். பிறகு சால்வையை விரித்தார்.

“இது ஆரின்ர பிள்ளைக்கு அக்கா?” என்று கேட்டார். “பாவம், இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பேர்.”

அவர் கேலி செய்யவில்லை. எதிரில் நிற்பவரை ‘பிலோ அக்கா’ என்றே கேட்டுப் பழகியவர், முழுப் பெயரை அந்தக் கணத்தில் நினைத்திருக்கமாட்டார்.

“அது வேற ஓடர்” என்றார் பிலோமினா. சால்வையை வாங்கி மடித்து அலுமாரிக்குள் வைத்தார். “பேரைச் சொன்னா இவவுக்கும் தைச்சுப்போடுவன்.”

நிலூஷா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கியாரா என்றாள். எண் பார்த்து வைத்தது என்று சுபோதினி விளக்கினார். வேறு இரண்டு பெயர்களும் பார்த்தார்களாம், அவற்றுக்கு எண் சரிவரவில்லையாம். பேச்சு உடுப்பு அளவுக்குத் திரும்பியது.

மறுநாள் காலையில் நிலூஷா தனியாக வந்தாள். வந்ததும் அலுமாரியைத் திறந்து சால்வையை எடுத்து மேசையில் வைத்தாள்.

“ஏன் சின்னம்மா பொய் சொன்னீங்க?”

“உன்ர மாமிக்கு முன்னால வேற என்னத்தச் சொல்ல?”

நிலூஷா அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள். தான் யோசித்துப் பார்த்ததாகவும், இன்டர்நெஷனல் ஸ்கூலில் பிலோமினா என்று ஒரு பிள்ளை இருந்தால் மற்றப் பிள்ளைகள் படுத்துவார்கள் என்றும் சொன்னாள். சின்னம்மாவின் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல முடியாமல்தான் பெயர்ப் பேச்சையே எடுக்கவில்லையாம். போனிலும் தேடிப் பார்த்திருக்கிறாள். அந்தப் புனிதை இருந்தாரா என்பதே சந்தேகம் என்று போட்டிருக்கிறது. கியாரா என்றால் இத்தாலியன் பாஷையில் கிளாரா என்று சாமியார் சொன்னார், அதனால் புனிதையின் பெயரும் ஆச்சு.

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. “ஓகஸ்ட் பதினொண்டு என்ர புனிதையின்ர நாளா இருந்தது. இவவ எடுத்துப்போட்டு அந்த நாளக் கிளாராவுக்குக் குடுத்தாங்கள். இப்ப பேரையும் அவவே கொண்டுபோறா.”

நிலூஷாவும் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் ஒரு வழி சொன்னாள். பத்திரத்தில் கியாரா இருக்கட்டும், பிள்ளை இந்த வீட்டுக்கு வரும்போது சின்னம்மா பிலோமினா என்றே கூப்பிடலாம். கொழும்பில் வீட்டுப் பெயர் இல்லாத பிள்ளை எது?

“நான் மட்டும் கூப்பிட்டா அது அவளின்ர பேர் இல்ல, பிள்ள. என்ன நானே கூப்பிடுற மாதிரி.”

பிறகு, தையலைக் கீழே வைக்காமலே, சொல்லவேண்டியதைச் சொன்னார். “அந்தப் புனிதை இருந்தாவோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் இருந்தனான் தானே. அவவின்ர பேர வைக்கச் சொல்லிக் கேக்கயில்ல, என்ர பேர வைக்கச் சொல்லிக் கேக்கிறன். ஒருத்தரிட்டயும் வாய் திறந்து கேட்டதில்ல. உன்னட்டக் கேக்கிறன்.”

நிலூஷா தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். பிலோமினா இன்னொரு சால்வையில் கியாரா என்று தைத்து வைத்தார்.

ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் பின்னேரம் போன் வந்தது. வீட்டில் கதைத்துப் பார்த்ததாகவும், ஒரே சண்டையாகப் போனதாகவும் நிலூஷா சொன்னாள். அவளுடைய குரல் களைத்திருந்தது. கோயிலில் பிள்ளையை வைத்திருப்பதும் பெயரைச் சொல்வதும் ஞானத்தாய்தானே. “நீங்க என்ன பேர் சொல்றீங்களோ அது இருக்கட்டும். நான் ஒண்டும் கதைக்கமாட்டன்.” பிலோமினா சரி என்று போனை வைத்தார்.

அந்தக் கோயிலில் பெயரைச் சொல்லும் உரிமையை இன்னமும் ஞானத்தாய்க்கே விட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தொட்டியைச் சுற்றி இரண்டு வீட்டாரும் நின்றார்கள். சுபோதினி பட்டுச் சேலையில் முன்வரிசையில் நின்றார். நிலூஷா பிள்ளையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்று சாமியார் கேட்டார்.

பிலோமினா உடனே பதில் சொல்லவில்லை. அவருக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்துச் சாமியார் மறுபடி கேட்டார். நிலூஷா தலையை நிமிர்த்தினாள்.

“கியாரா” என்றார் பிலோமினா. பின்வரிசைக்கும் கேட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் அவர் வேறொன்றையும் சேர்க்கவில்லை.

இதைத் தியாகம் என்று அன்று விருந்து மண்டபத்தில் சிலர் சொல்லியிருப்பார்கள், நடந்தது தெரிந்திருந்தால். நான் அப்படிச் சொல்லத் துணியவில்லை. அதில் பிடிவாதமும் கொஞ்சம் இருந்தது. பகல் சாப்பாட்டின்போது சுபோதினி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் பிடித்ததா என்று கேட்டார். எழுத்துக் குறைவு, நூல் மிச்சம் என்றார் பிலோமினா. சுபோதினி வாய்விட்டுச் சிரித்தார்.

மண்டபம் வெறிச்சோடத் தொடங்கியதும் நிலூஷா வந்தாள்.

“நான் உங்களுக்கு விட்டுத்தந்தனான். ஏன் சொல்லயில்ல?”

“நான் கேட்டது, நீ தரவேணும் எண்டு. நானே எடுத்தா அது நீ தந்ததில்ல.”

“நான் தந்தனான் தானே.”

“இல்ல. நீ சண்டையில களைச்சுப்போய்க் கைய எடுத்தனி. அது வேற.”

நிலூஷாவுக்குக் கோபம் வந்தது, அது முகத்தில் தெரிந்தது. சின்னம்மாவுக்கு எதையும் சரியாகச் செய்ய முடியாது என்று முணுமுணுத்தாள். பிலோமினா மறுக்கவில்லை. பிள்ளைக்குப் பசி வந்துவிட்டது, கொண்டுபோய்ப் பாலைக் குடு என்றார்.

நிலூஷா பிள்ளையை வாங்கிக்கொண்டு நாலடி போனாள். பிறகு திரும்பி வந்து பிலோமினாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, பால் கொடுத்தாள். எதிர்ப்பக்கத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.