நான் ஒட்டிக்கொடுத்த காகிதங்கள்

டெய்லர் பாயின் இஸ்திரிப் பெட்டியிலிருந்து எழுந்த அந்தப் பிளாஸ்டிக் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஏற்காட்டில் தையல் கடை வைத்திருந்தவர் அவர். கடைக்கு மேலே காலியாகக் கிடந்த அறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான் என்று எங்கள் மக்கள் உதவி மையம் அங்கேதான் ஆரம்பித்தது. எஸ்டேட் ஆட்கள் ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனு எழுத வருவார்கள்.

இந்த மலையில் மழைக்காலத்தில் காகிதம் பிழைப்பது கஷ்டம். தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் பூசணம் பூத்துவிடும். அதனால் மையத்துக்கு லேமினேஷன் மெஷின் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளியூர், வெள்ளக்கடை என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். பட்டா, பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், எதையும் விடவில்லை. அசலையே வாங்கி வாங்கி ஒட்டிக் கொடுத்தேன். மையம் வளர்ந்தது அந்த மெஷினால்தான். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

அப்போதுதான் நாகலூரில் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தர் வந்து நின்றார். சேலத்தில் ஒரு நர்ஸிங் கல்லூரியில் அவர் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. மார்க் ஷீட்டின் பின்பக்கம் முத்திரை குத்த வேண்டும், பிளாஸ்டிக் ஒட்டியது செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஒரு வாரத்துக்குள் சரியான அசல் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அக்கா என்னைக் குறை சொல்லவே இல்லை, பிரித்துக் கொடுத்தால் போதும் என்றார். ஒட்டத் தெரிந்த எனக்குப் பிரிக்கத் தெரியாது. கீழே ஓடிப் பாயைக் கூப்பிட்டேன்.

பாய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். மார்க் ஷீட்டைத் தொடவில்லை. வீட்டுக்குப் போய், நான் முன்பு ஒட்டிக்கொடுத்த தன் காகிதம் ஒன்றை எடுத்துவந்தார். அதன்மேல் துணி விரித்துத் தேய்த்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார். எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. குனிந்து பார்த்த பிறகுதான் அது அவருடைய நிக்காஹ் பத்திரம் என்று தெரிந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அக்காவிடம், "வேணாமுங்க. புள்ளையோடதுல கை வெக்க வேணாம்," என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் அக்காவும் சேலத்துக்கு இறங்கினோம். தப்பு என்னுடையது என்று கல்லூரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டூப்ளிகேட் மார்க் ஷீட் வாங்கிவர மாதக் கடைசி வரை தவணை தந்தார்கள். அன்றே டூப்ளிகேட்டுக்கு மனுப் போட்டோம். அதன்பிறகு தபால்காரரைக் கண்டாலே ஓடிப்போய்க் கேட்பேன். நான் ஒட்டிய மற்றதெல்லாம் எத்தனை வீடுகளில், எத்தனை பிள்ளைகளுக்கு வினையாகக் காத்திருக்கிறதோ என்ற பயமும் விடவில்லை. தவணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது டூப்ளிகேட் தபாலில் வந்து சேர்ந்தது. பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

இன்று மையத்துக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. பாய்தான் இல்லை. அசல் எதையும் நாங்கள் ஒட்டுவதில்லை, ஊரார் காகிதங்களை உறையில் போட்டு பீரோவில் பத்திரப்படுத்துகிறோம். சாரல் அடிக்கும்போதெல்லாம் திறந்து திறந்து பார்க்கிறேன். அந்தப் பழக்கம் அக்காவால் வந்தது.

மகள் சேர்ந்த மறுநாள், முத்திரை விழுந்த மார்க் ஷீட்டைப் புடவைத் தலைப்புக்குள் பொத்திக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தார்.

"ஊட்ல வெச்சா பூசணம் புடிச்சுருமுங்க. நீங்களே வெச்சிருங்க, கண்ணு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு கையாலும் வாங்கி, ஓர் உறையில் போட்டேன்.